பார்க்கின்சன் பயிற்சித் திட்டங்கள்: எதில் சேரலாம், எங்கே உஷார்?

பார்க்கின்சன் என்று தெரிந்ததும் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். நட, யோகா செய், சும்மா உட்காராதே. எதுவும் தப்பில்லை. ஆனால் இந்த நோய்க்கென்றே வகுத்த பயிற்சிகளின் கதை வேறு. அவற்றில் சில காசுக்கும் நேரத்துக்கும் தகும். சிலவற்றில் பெயர்ப்பலகை மட்டும்தான் 'பார்க்கின்சன் ஸ்பெஷல்'. உள்ளே நடப்பது முதியோருக்கான சாதாரண கை கால் அசைப்பு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எல்எஸ்விடி பிக் என்ற திட்டத்திலிருந்து தொடங்குவோம் (எல்எஸ்விடி என்பது 'லீ சில்வர்மன் குரல் சிகிச்சை' என்ற ஆங்கிலப் பெயரின் சுருக்கம்). இதைப் புரிந்துகொண்டால் மற்றவற்றை எடைபோடுவது சுலபம். இதன் அக்கா எல்எஸ்விடி லவுட், பேச்சுக்கான பயிற்சி, 1987-இல் பிறந்தது. குரல் தேய்ந்துபோனவரைச் சத்தமாகப் பேசப் பழக்குவது அதன் வேலை. அதே சூத்திரத்தை உடலுக்குக் கொண்டுவந்ததுதான் பிக்.

பார்க்கின்சனில் அசைவுகள் சுருங்குகின்றன. நடக்கும்போது எடுத்து வைக்கும் எட்டு குறுகும், கைவீச்சு குறையும், கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகும். சுருங்கியது அவருக்கே தெரியாது என்பதுதான் சிக்கல். "கையை வீசித்தானே நடக்கிறேன்" என்பார். செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டினால் ஒரு கை தொடையோடு ஒட்டியே இருக்கும். பெரும்பாலும் தசையில் பலம் இருக்கிறது. எவ்வளவு அசைக்க வேண்டும் என்று மூளை போடும் கணக்குதான் குறைந்துபோகிறது. அதனால் பயிற்சியாளர் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்கிறார்: பெரிசு. "பெரிசா எட்டு வைங்க, பெரிசா எழுந்திருங்க." செய்பவருக்கு இது நாடகத்தில் நடிப்பது போலக் கூச்சமாக இருக்கும். பார்ப்பவருக்கோ சாதாரண நடையாகத்தான் தெரியும். கூச்சம் தரும் அந்த அளவுதான் சரியான அளவு என்று மூளைக்குப் பழக்குவதே இந்தச் சேவையின் சாரம்.

அளவு கறாரானது: வாரம் 4 நாள், 4 வாரம், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், மொத்தம் 16 அமர்வுகள். சான்றிதழ் பெற்ற பிசியோதெரபிஸ்ட் அல்லது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குபவர்) ஒருவர், எதிரே ஒரே ஒருவர். அமர்வு உள்ள நாளில் வீட்டுப்பாடம் ஒரு தடவை, இல்லாத நாளில் இரண்டு தடவை. அடிப்படை அசைவுகள் ஏழு. முதல் இரண்டும் நாற்காலியில் உட்கார்ந்தபடி. நாற்காலியின் முன்விளிம்புக்கு வந்து, குனிந்து தரையை எட்டி, நிமிர்ந்து கைகளை விரித்துத் தூக்கி, விரல்களையும் அகல விரித்து, சத்தமாகப் பத்து எண்ணும் வரை அப்படியே நிறுத்த வேண்டும், 8 முறை. இரண்டாவது அதையே பக்கவாட்டில், பக்கத்துக்கு 8. மற்ற ஐந்தும் நின்றுகொண்டு: முன்னால், பக்கத்தில், பின்னால் எட்டு வைப்பது, பிறகு எடையை முன்னும் பின்னும் ஆட்டிக் கையை எட்டுவது, கடைசியாக உடலைத் திருப்பி எட்டுவது. இதற்குமேல் அவரவர் வாழ்க்கையிலிருந்து எடுத்த ஐந்து சின்ன வேலைகள். நாற்காலியிலிருந்து எழுவது, சட்டைப் பையிலிருந்து சாவி எடுப்பது மாதிரி. காரில் ஏறி இறங்குவது போன்ற சிக்கலான வேலைகளைத் துண்டு துண்டாக உடைத்து, வாரா வாரம் சேர்த்துக்கொண்டே போவார்கள்.

எங்கே கெடுகிறது? முதலில் விரல்களில். கை அகலமாகப் போயிருக்கும், மணிக்கட்டு தொங்கிக்கொண்டிருக்கும், விரல்கள் மடங்கியிருக்கும். அது பாதி அசைவுதான். அடுத்தது திரும்பி வரும் எட்டில். முன்னால் கால் பெரிதாகப் போய்விட்டு, திரும்பும்போது தரையில் தேய்த்துக்கொண்டு வரும். நல்ல பயிற்சியாளரின் கண் திரும்பி வரும் அந்தக் காலில்தான் இருக்கும். மூன்றாவது தவறு பயிற்சியாளருடையது: "முதுகை நிமிர்த்துங்க, முழங்காலை மடக்காதீங்க, மூச்சை விடுங்க, மேலே பாருங்க" என்று நான்கு கட்டளையை ஒரே நேரத்தில் கொட்டுவது. ஒரே சமயத்தில் பலவற்றில் கவனம் வைப்பது இந்த நோயில் கடினம் என்பதால்தான் ஒற்றைச் சொல்லே தரப்பட்டது. ஓயாமல் பேசும் தெரபிஸ்டிடம் பிக் எடுபடாது.

2010-இல் பெர்லினில் நடந்த ஆய்வு இதற்குப் பெரிய பலம். 58 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு பிக், ஒன்றுக்குக் குழுவாக நார்டிக் நடை (இரு கையிலும் கோலூன்றி நடப்பது), ஒன்றுக்கு வீட்டிலேயே செய்யச் சொல்லிக் கொடுத்த பயிற்சி. 16-ஆவது வாரத்தில் அசைவுக் குறைபாட்டு மதிப்பெண் (கூடினால் மோசம்) பிக் பிரிவில் சராசரியாக 5 புள்ளி இறங்கியிருந்தது. மற்ற இரண்டிலும் லேசாக ஏறியிருந்தது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிக் எடுத்தவர்களுக்குத் தனி ஆசிரியர், நார்டிக் நடைக்குக் கூட்டு வகுப்பு. அந்தத் தனிக் கவனிப்பின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. 2015-இல் வந்த இன்னொரு ஆய்வில், இரண்டு வாரத்துக்குச் சுருக்கிய 10 அமர்வுகளும் மதிப்பெண் அளவில் பெரிதாகப் பின்தங்கவில்லை. ஆகவே 16 என்ற எண்ணைப் புனிதமாக்க வேண்டாம். அதற்காக வாரம் ஒரு நாள் வீதம் நான்கு மாதத்துக்கு இழுப்பவர்களிடம் போக வேண்டாம். நெருக்கமாக, நாள் விடாமல் செய்வதில்தான் பழக்கம் ஏறுகிறது. "குரூப் பிக்" என்று பத்துப் பேரை நிற்க வைத்து நடத்துவது, முழுத் திட்டத்தை முடித்தவர்களுக்குத் தொடர்வகுப்பாக நல்லது. புதிதாக வருபவருக்கு உதவாது.

பிக்கின் பெரிய ஓட்டை ஐந்தாவது வாரம். யாரும் போன் செய்து கேட்பதில்லை, வீட்டுப்பாடம் நழுவுகிறது, எட்டு பழையபடி குறுகுகிறது. முடிவில் எழுத்தில் ஒரு வீட்டுத் திட்டமும், சில மாதம் கழித்து மறுபடி சோதிக்க ஒரு தேதியும் தராத இடத்துக்கு மதிப்பெண்ணில் பாதியை வெட்டலாம். இன்னொன்று, பிக்கில் இதயத்துக்குப் போதிய வேலை இல்லை.

அதற்கு சைக்கிளும் ட்ரெட்மில்லும் வேண்டும். 2018-இல் வெளியான ஸ்பார்க்ஸ் ஆய்வில், இன்னும் மருந்து தொடங்காத ஆரம்பநிலையினர் 128 பேர். ஒரு பிரிவு உச்ச இதயத்துடிப்பில் 80 முதல் 85 சதவீதம் ஏறும் வேகத்தில், ஒன்று 60 முதல் 65 சதவீதத்தில், வாரம் 4 நாள் ட்ரெட்மில்லில் நடப்பது இலக்கு. மூன்றாவது பிரிவு வழக்கம்போல. 6 மாதத்தில் வழக்கப் பிரிவின் அசைவு மதிப்பெண் சுமார் 3 புள்ளி மோசமானது. கடும் பயிற்சிப் பிரிவு கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நின்றது. உண்மையில் அவர்கள் வந்தது வாரத்துக்கு மூன்று நாளுக்கும் சற்றுக் குறைவுதான் என்பது சோம்பேறிகளுக்கு ஆறுதல். 2019-இல் நெதர்லாந்தில் வந்த ஆய்வில் 130 பேர். ஒரு பிரிவினர் விளையாட்டுத் திரை பொருத்திய நிலைசைக்கிளை வீட்டிலேயே வாரம் 3 தடவை, 30 முதல் 45 நிமிடம் மிதித்தார்கள். அவர்களும் வெறும் நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிட 4 புள்ளி முன்னிலை. ஆக, ஜிம்முக்குத்தான் போக வேண்டும் என்றில்லை.

சைக்கிள் பக்கம் கவனம் திரும்பியதற்கு ஒரு சுவாரசியமான காரணம் உண்டு. 2003-இல் நரம்பியல் ஆய்வாளர் ஜே ஆல்பர்ட்ஸ், பார்க்கின்சன் உள்ள பெண் ஒருவரோடு இரட்டைச் சைக்கிளில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைக் கடந்தார். முன்னால் இருந்தவரின் வேகத்துக்குப் பின்னால் இருந்தவரின் கால்களும் சுழன்றாக வேண்டும். பயணத்தில் அந்தப் பெண்ணின் கையெழுத்து தெளிந்தது. அங்கிருந்து வந்ததுதான், நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று என்ற இலக்கு. கடினமான கியரில் மெதுவாக மிதிப்பது அதற்கு ஈடாகாது.

இங்கே ஒரு பொறி: சிலருக்கு பார்க்கின்சன், இதயத்துடிப்பைத் தானாகவே பார்த்துக்கொள்ளும் தானியங்கி நரம்புகளையும் தொட்டிருக்கும், எவ்வளவு மிதித்தாலும் இதயத்துடிப்பு ஏறவே ஏறாது. இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து சாப்பிடுபவர்களுக்கும் அப்படித்தான். கைக்கடிகாரத்தில் வரும் எண்ணை நம்பி அவர்களை விரட்டினால் மயங்கி விழலாம். எவ்வளவு சிரமம் என்று அவரே எண் சொல்லும், 6 முதல் 20 வரை போகும் போர்க் அளவுகோலில் 14 தாண்டி, "கஷ்டம்" என்று அவரே சொல்கிற இடம்தான் அளவு. வாக்கியம் பேச முடிகிறது, பாட்டுப் பாட முடியவில்லை என்றால் மிதமான நிலை. சில சொல்லுக்குமேல் மூச்சு வாங்கினால் கடும் நிலை. ட்ரெட்மில்லில் கைப்பிடியைத் தொங்கிப் பிடித்தால் கூன் இன்னும் கூடும். விழும் பயம் உள்ளவருக்குக் கைப்பிடியைவிட மேலிருந்து கட்டும் பட்டை மேல்.

பாக்சிங் வகுப்புகளுக்கு இப்போது நல்ல மவுசு. ராக் ஸ்டெடி பாக்சிங் 2006-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் தொடங்கியது. தொடங்கிய ஸ்காட் நியூமன், நாற்பது வயதிலேயே பார்க்கின்சன் வந்த முன்னாள் அரசு வழக்கறிஞர். குத்துவது பையை மட்டும், ஆளை இல்லை. உடல் திருகுவதும், பின்னால் காலெடுத்து வைப்பதும், "1, 2, 1, 1" என்று எண் கூப்பிடக் கூப்பிட அதற்கான குத்தை நினைவில் எடுப்பதும் இந்த நோய்க்குத் தேவையான வேலைகள்தாம். பிக்கைவிட ஆதாரம் மெலிந்தது. ஆனால் ஆட்கள் விட்டுவிடாமல் வருகிறார்கள். விடாமல் செய்யும் சுமாரான பயிற்சி, விட்டுவிட்ட சிறந்த பயிற்சியைவிட மேல். கவனிக்க வேண்டியது, வேகம் கூடக்கூடக் குத்து சுருங்குகிறதா என்பது. ஆர்வத்தில் படபடவென்று நாலு அங்குலக் குத்தாகக் குத்திக்கொண்டிருப்பார்கள், பயிற்சியாளர் கைதட்டிக்கொண்டிருப்பார். கால்களை ஒட்டி நின்று குத்துபவரையும் திருத்தாமல் விட்டால் அது பார்க்கின்சன் வகுப்பே இல்லை. நோயின் நிலையைச் சோதிக்காமல் எல்லோரையும் ஒரே வகுப்பில் தள்ளும் இடத்தையும் தவிர்க்கவும்.

சமநிலைதான் முதல் கவலை என்றால் தை சி என்ற மெதுவான சீன அசைவுப் பயிற்சி. 2012-இல் 195 பேரிடம் வாரம் 2 தடவை, ஒரு மணி நேரம், 24 வாரம் செய்த ஆய்வில், எடை தூக்குவதையும் நீட்டல் பயிற்சியையும்விட சமநிலையில் அது முந்தியது; நீட்டல் பிரிவைவிட விழுவதும் குறைந்தது. மலிவு, கருவி வேண்டாம். நடன வகுப்புகள் மனதுக்கும் தாளத்துக்கும் நல்லவை, அவ்வளவு சொன்னால் போதும். எடைப் பயிற்சியை யாரும் விளம்பரம் செய்வதில்லை என்பதால் அதை மறந்துவிட வேண்டாம்: வாரம் 2 அல்லது 3 நாள், அடுத்தடுத்த நாளாக இல்லாமல், முதுகுக்கும் தொடைக்கும் முக்கியத்துவம் கொடுத்து.

கால் தரையில் ஒட்டிக்கொள்ளும் உறைநிலை உள்ளவருக்கு மேலே சொன்னவை மட்டும் போதாது. தாளக் குறிப்புப் பயிற்சி தெரிந்தவர் வேண்டும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை, நோயாளி இயல்பாக நடக்கும் தாளத்தைவிடச் சுமார் 10 சதவீதம் குறைத்து வைப்பது நல்ல தொடக்கம். வேகமாக வைத்தால் எட்டு குறுகி அங்கேயே உறைந்துவிடுவார். வாசல்படிக்கு முன்னால் தரையில் குறுக்குக் கோடுகளாக டேப் ஒட்டுவதும் பலன் தரும். உறைந்தவரைக் கையைப் பிடித்து இழுக்கும் உதவியாளர் இருக்கும் இடத்திலிருந்து உடனே கிளம்பிவிடலாம். இழுத்தால் உடல் முன்னே போகும், கால் அங்கேயே நிற்கும். நிறுத்தி, நிமிர்ந்து, எடையைப் பக்கவாட்டில் ஆட்டி, பிறகு ஒரு பெரிய எட்டு என்று சொல்லித் தர வேண்டும். திரும்பும்போதும் நின்ற இடத்திலேயே சுழல விடாமல், அரைவட்டமாக நடந்து திரும்பப் பழக்க வேண்டும்.

சேரும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: முதல் நாள் என்ன அளப்பீர்கள்? நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி உட்காரும் நேரம், ஐந்து முறை எழுந்து உட்காரும் நேரம், 6 நிமிடத்தில் நடக்கும் தூரம், மினி பெஸ்டெஸ்ட் சமநிலைச் சோதனை என்று பதில் வந்தால் உட்காரலாம். படுத்த நிலையிலும் எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள்ளும் ரத்த அழுத்தம் பார்ப்பது அதைவிட முக்கியம். மேல் எண் 20 இறங்கினால் முதலில் டாக்டரிடம். கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்றும் அவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பார்க்கின்சனின் முக்கிய மருந்தான லெவோடோபா வேலை செய்யும் நேரத்தில் முதல் சோதனையும், அது இறங்கிய நேரத்தில் கடைசிச் சோதனையும் எடுத்தால் ஒப்பீடே பொய். வகுப்பு நேரத்தை மாத்திரைக்கு ஏற்ப மாற்றித் தர மறுக்கும் நிலையம் மற்றதில் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சிரமம்தான்.

நோய் முற்றி, நிற்கவே இரண்டு ஆள் வேண்டும் என்ற நிலையில் பாக்சிங்கும் ட்ரெட்மில்லும் பேச்சுக்கே இல்லை. அங்கே வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்டிடம் கேட்க வேண்டியது, படுக்கையில் புரள்வதற்கான பயிற்சி. முழங்கால்களை மடக்கி, இரு கைகளையும் கோத்து மேலே நீட்டி, திரும்பும் பக்கமாக ஒரே வீச்சில் வீசி, முழங்காலையும் அதே கணத்தில் சாய்ப்பது. இடுப்புக்கு அடியில் வழுவழுப்பான துணி ஒன்று குறுக்கே விரித்திருந்தால் பாதி பாரம் குறையும். கனமான போர்வையை முதலில் விலக்கிவிட வேண்டும். புரள முடியாமல் போவதற்குப் பல நாள் அதுதான் காரணமாக இருக்கும்.