இனம் பற்றிப் பேச எந்தப் படம்: அவதாரா, பிளாக் பாந்தரா?

இனப் பாகுபாடு பற்றி நண்பர்களோடு உட்கார்ந்து பேச, எல்லோரும் பார்த்த ஒரு பெரிய படம் தேவைப்பட்டது. கடைசியில் போட்டி ஜேம்ஸ் கேமரூனின் 'அவதார்' (2009), ரயன் கூக்ளரின் 'பிளாக் பாந்தர்' (2018) இரண்டுக்கும்தான். நான் எடுத்தது பிளாக் பாந்தர்.

பிரமாண்டத்திலும் வசூலிலும் அவதார்தான் மேலே. ஆஸ்கர் ஆளுக்கு 3. சரி, அதை விடுவோம்.

எனக்கு முக்கியமாகப் பட்டது, ஒடுக்கப்படுபவர்களின் கதையில் முடிவெடுப்பது யார் என்பதுதான். அவதாரில் பண்டோரா என்ற வேற்றுலகில் வாழும் நீலநிற நாவி மக்களின் காட்டை அழிக்க வருவதும் மனிதர்கள், காப்பாற்றுவதும் ஒரு மனிதன். முன்னாள் மரைன் வீரன் ஜேக் சல்லி மூன்று மாதத்தில் அவர்களுடைய வித்தைகளைக் கற்று, யாரும் நெருங்க அஞ்சும் ராட்சதப் பறக்கும் விலங்கான டோருக்கை அடக்கித் தலைவனாகிறான். அங்கேயே பிறந்து வளர்ந்த நாவிப் பெண் நெய்திரிக்கு அந்த யோசனை ஏன் வரவில்லை? ஒடுக்கப்பட்டவர்களை வெளியிலிருந்து வரும் வெள்ளையர் ஒருவரே காப்பாற்றும் 'வெள்ளை மீட்பர்' கதை என்று விமர்சகர்கள் பலர் சாடியது இதனால்தான். ஸோயி சல்டானா, வெஸ் ஸ்டுடி போன்ற கறுப்பின, பூர்வகுடி நடிகர்களின் முகங்களும் நீல நிறத்துக்குள் மறைந்துபோகின்றன.

பிளாக் பாந்தரில் வாதமே கறுப்பர்களுக்குள் நடக்கிறது. வகாண்டா என்ற கற்பனை ஆப்பிரிக்க நாட்டை உலகிடமிருந்து மறைத்தே காக்க வேண்டும் என்பது அதன் அரசன் டிசாலா வளர்ந்த மரபு. வெளியே துன்பப்படுகிறவர்களுக்கு உதவலாம் என்கிறாள் அந்நாட்டு உளவாளி நாகியா. அமெரிக்காவின் ஓக்லாந்தில் வளர்ந்த எதிராளி கில்மாங்கரோ, நம் மக்கள் நசுக்கப்பட்டபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்கிறான். அந்தக் கேள்விதான் டிசாலாவை மாற்றுகிறது.

இதற்கும் எதிர்ப்பு வந்தது. நியாயமான கேள்வி கேட்டவனைக் கொலைவெறியனாக்கிச் சாகடித்துவிட்டு, சிஐஏ அதிகாரியை நல்லவனாகக் காட்டலாமா என்று கேட்டார்கள். எனக்கும் அது உறுத்துகிறது. ஆனால் எங்கள் பேச்சு சூடு பிடித்ததே அந்த இடத்தில்தான். அவதாரில் வில்லன் பக்கம் நின்று வாதாட யாருக்கும் வாய் வராது.

அவதாரின் இரண்டாம் பாகத்தை (2022) ஒரே முறைதான் பார்த்தேன். ஜேக் நாவியாகவே வாழ்வதால் குறை கொஞ்சம் தணிந்ததாகத் தோன்றியது. அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் பேச்சு நில உரிமை பற்றியது என்றால் அவதாரைத்தான் எடுப்பேன். பொலிவிய அதிபராக இருந்த எவோ மொராலெஸ் அதைப் பாராட்டினார். ஒடிசாவின் நியாம்கிரி மலையைச் சுரங்கத்திடமிருந்து காக்கப் போராடிய டோங்க்ரியா கோண்ட் பழங்குடி மக்கள், 2010-இல் கேமரூனிடமே உதவி கேட்டார்கள்.