மலைக்காட்டில் பழைய டிராக்டரா, புதுசா? இரண்டையும் வருடக்கணக்கில் ஓட்டியவனின் அனுபவம்

கொடைக்கானல் மலையில் மன்னவனூர்ப் பக்கம் எங்கள் காட்டில் இரண்டு டிராக்டர் ஓடுகின்றன. அப்பா 90களில் வாங்கிய 35 ஹெச்.பி. ஒன்று, 2015-இல் நான் எடுத்த 42 ஹெச்.பி. ஒன்று. கம்பெனிப் பெயர் போடவில்லை. போட்டால் பேச்சு முழுக்க அதிலேயே போய்விடும்.

எஞ்சினில் பழசை அடிக்க ஆளில்லை. ஒரு தடவை லைனர், பிஸ்டன் மாற்றினோம். டீசல் பீய்ச்சும் நாசில் அவ்வப்போது சர்வீஸ். அவ்வளவுதான். ஜனவரி உறைபனியில் காலையில் பேட்டரி மக்கர் பண்ணும். அதனால் வண்டியை எப்போதும் இறக்கம் பார்த்தே நிறுத்துவோம். கியரில் உருட்டி கிளட்சை விட்டால் பிடித்துக்கொள்ளும். புதுசில் சாவியை அணைத்தால் டீசலை நிறுத்தும் சொலினாய்டு இருக்கிறது. கரண்ட் வந்தால்தான் அது டீசலுக்கு வழி விடும். பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டால் எவ்வளவு உருட்டினாலும் டீசல் இறங்காது.

புதுசு என்றாலே சென்சார், கம்ப்யூட்டர் என்று பயப்படுகிறார்கள். டிரெம் 4 புகை விதி 2023 ஜனவரியில் வந்தது 50 ஹெச்.பி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்குத்தான். என் வண்டியில் இருப்பது கம்ப்யூட்டர் இல்லாத, பழையபடி மெக்கானிக்கல் டீசல் பம்ப்தான். அது ஒரு நாளும் தொல்லை தந்ததில்லை. தொல்லை முழுக்க வயரிங்கில். மூடுபனி ஈரத்தில் கனெக்டருக்குள் பச்சை பூத்துவிடுகிறது. கழற்றி உப்புத்தாளால் தேய்த்து கிரீஸ் வைத்தால் அடுத்த மழை வரை தாங்கும். பானெட் தகரமும் கீல் ஓரத்தில் அரிக்கத் தொடங்கிவிட்டது. பழசின் தகரம் தடிமன். பெயிண்ட் போனதே தவிர ஓட்டை விழவில்லை.

இதோடு நிறுத்தினால் பழசுதான் ஜெயிக்கும். ஆனால் மலையில் வண்டியின் ஆயுளும் நம் ஆயுளும் பிரேக்கில் இருக்கிறது. பழசில் உலர் பிரேக். டிரெய்லரில் கேரட் மூட்டை ஏற்றி இறக்கத்தில் வந்தால் சூடாகிக் கருகிய வாடை அடிக்கும், மிதி கல்லாகிவிடும், வண்டி நிற்காது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், நடுவில் கிளட்சைத் தொடக் கூடாது. மழையில் தண்ணீர் புகுந்தால் ஒரு பக்கம் மட்டும் பிடித்து இழுக்கும். லைனிங் மாற்றி மாற்றி அலுத்துவிட்டது. புதுசில் ஆயிலுக்குள் மூழ்கிய பிரேக். வாங்கியதிலிருந்து இன்னும் பிரித்ததே இல்லை. இப்போது லோடு அடிப்பதெல்லாம் இதில்தான். பழசு சமக் காட்டில் உழவுக்கும், கேரட் கழுவத் தண்ணீர் இறைக்கவும்.

“அந்தக் காலத்து இரும்பு” என்று பேசுகிறவர்களுக்கு ஒன்று. நம் கண்ணில் படுவது தப்பிப் பிழைத்த வண்டிகள் மட்டும். கூடவே வாங்கியவை எத்தனையோ காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. பிழைத்தவையும் உள்ளூர்ப் பட்டறையில் எவரும் பிரித்து மாட்ட முடிந்ததால்தான் பிழைத்தன.

மலைக்குப் பழைய வண்டி வாங்குகிறவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்க வேண்டாம். குனிந்து பின் சக்கரத்தின் உள்பக்கம் விரலால் தடவுங்கள். ஆயில் ஒட்டினால் ஆக்சில் சீல் போயிருக்கிறது; அந்த ஆயில் உலர் பிரேக் லைனிங்கில் இறங்கியிருக்கும். சீல், லைனிங் இரண்டுக்கும் ஆகிற செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். கழிக்க மாட்டேன் என்றால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.