டைமண்ட் ஐந்து, ஹார்ட் நான்கு: ரீபிட்டாக எதைச் சொல்வது?

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் நமக்கு வந்த 13 சீட்டு இவை. ஸ்பேடில் ஒரே ஒரு 4. ஹார்ட்டில் ஏஸ், குயின், 8, 5. டைமண்டில் கிங், குயின், 9, 7, 3. கிளப்பில் கிங், 6, 2. ஏஸுக்கு 4, கிங்குக்கு 3, குயினுக்கு 2, ஜாக்குக்கு 1 என்று எண்ணினால் மொத்தம் 14 பாயின்ட். நாம் 1 டைமண்ட் (டைமண்ட் டிரம்ப், அதாவது வெட்டுச் சூட்; ஆறுக்கு மேல் ஒரு ட்ரிக் எடுப்போம்) என்று ஏலத்தைத் திறந்தோம், பார்ட்னர் 1 ஸ்பேட் என்றார், எதிரணி இருவரும் பாஸ். மேஜரில் (ஸ்பேட், ஹார்ட்) திறக்க ஐந்து சீட்டு, 15–17 பாயின்ட்டுக்கு 1 நோ டிரம்ப் (வெட்டுச் சூட் இல்லாத ஆட்டம்) என்று திறக்கும் பரவலான முறையில் ஆடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நம் அடுத்த பிட், அதாவது ஏலத்தைத் திறந்தவர் இரண்டாம் முறை சொல்லும் ரீபிட், என்ன?

கை முதலில் இழுப்பது 2 ஹார்ட்டுக்குத்தான். நான்கு நல்ல ஹார்ட் இருக்கிறதே, சொன்னால் என்ன? அது ரிவர்ஸ்: முதலில் சொன்ன சூட்டைவிட உயர்ந்த சூட்டை 2 மட்டத்தில் சொல்வது. பார்ட்னருக்கு ஹார்ட் பிடிக்காமல் டைமண்டுக்குத் திரும்ப வேண்டுமென்றால் 3 மட்டத்துக்கு ஏற வேண்டும். அதனால்தான் அதற்கு 17 பாயின்ட்டாவது கேட்கிறார்கள். பார்ட்னரிடம் ஸ்பேட் கிங், ஜாக், 8, 6, 3, ஹார்ட் 7, 2, டைமண்ட் 8, 5, கிளப் குயின், 10, 9, 4 இருந்தால்? இரண்டு கையும் சேர்ந்து வெறும் 20 பாயின்ட், ஆனால் பார்ட்னர் பாஸ் சொல்லவும் முடியாது. டைமண்டில் 7க்குப் பதில் ஏஸ் இருந்து கை 18 ஆகியிருந்தால், 2 ஹார்ட்டைத் தயங்காமல் சொல்லலாம். இந்தக் கைக்கு அது கிடையாது.

ஆக, உண்மையான போட்டி 2 டைமண்ட், 2 கிளப், 1 நோ டிரம்ப் மூன்றுக்கும் இடையில்தான்.

2 டைமண்ட் யாரும் குறை சொல்லாத பிட். ஆனால் பார்ட்னர் ஆறு டைமண்ட் எதிர்பார்ப்பார். நம்மிடம் இருப்பது ஐந்து, அதுவும் 9, 7, 3 என்று இறங்கும் ஐந்து. அதைவிடப் பெரிய நஷ்டம் ஹார்ட். பார்ட்னரிடம் ஸ்பேட் ஏஸ், ஜாக், 8, 6, 3, ஹார்ட் கிங், 9, 7, 4, மற்ற இரண்டிலும் இரண்டிரண்டு சிறு சீட்டு என்று 8 பாயின்ட் இருக்கிறது என்று பாருங்கள். 2 டைமண்டுக்கு மேல் அவர் புது சூட் சொன்னால் அது ஃபோர்சிங், அதாவது நாம் பாஸ் செய்யக் கூடாது; 8 பாயின்ட்டில் துணிய மாட்டார். பாஸ் செய்வார். இரு கையிலும் நான்கு நான்காக உள்ள 4-4 ஹார்ட்டை விட்டுவிட்டு 5-2 டைமண்டில் ஆடிக்கொண்டிருப்போம்.

2 கிளப் மூன்று சீட்டில் சொல்லும் பொய். இந்தக் கையில் அதுவும் ஹார்ட்டைப் புதைக்கும், ஏனென்றால் அதன்பின் பார்ட்னர் சொல்லும் 2 ஹார்ட், மிஞ்சிய சூட்டைச் சொல்லிப் பலமான கையைக் காட்டும் நான்காவது சூட் ஃபோர்சிங் ஆகிவிடும். 8 பாயின்ட்காரர் 2 டைமண்டுக்குத் திரும்பி ஒதுங்கிவிடுவார். இருந்தாலும் நியாயமாகச் சொல்ல வேண்டும்: முன்னால் சொன்ன 6 பாயின்ட் கைக்கு இதுதான் நல்ல பிட். நான்கு கிளப் வைத்திருப்பவர் பாஸ் செய்வார், 4-3 டிரம்பில் சமாளிக்கலாம்.

1 நோ டிரம்ப் பார்க்க உறுத்தும். பார்ட்னர் சொன்ன சூட்டிலேயே ஒற்றைச் சீட்டு! ஆனால் 12–14 என்ற பலத்தைத் துல்லியமாகச் சொல்லிவிடுகிறது, ஏலமும் தாழ்ந்தே இருக்கிறது. இதற்கு மேல் பார்ட்னர் சொல்லும் 2 ஹார்ட் ஃபோர்சிங் இல்லை. ஐந்து ஸ்பேட், நான்கு ஹார்ட், சுமாரான கை என்றுதான் அர்த்தம். அந்த 8 பாயின்ட்காரர் இதைத் தயங்காமல் சொல்வார், நாமும் 4-4 ஹார்ட்டில் நிற்கலாம். பலமான கையென்றால் 2 கிளப் செக்பேக் (கிளப்பைக் காட்டாமல் நம் மேஜர் சீட்டை விசாரிக்கும் பிட்) கேட்பார், அங்கேயும் நம் ஹார்ட் வெளியே வந்துவிடும். அதே சீட்டை ஆடும் மற்ற ஜோடிகளோடு ஸ்கோரை ஒப்பிடும் மேட்ச்பாயின்ட் ஆட்டத்தில் இன்னொரு லாபம்: எட்டு ட்ரிக் எடுத்தால் 1 நோ டிரம்புக்கு 120, 2 டைமண்டுக்கு 90.

இதற்கு விலையும் உண்டு. நம்மிடம் இரண்டு ஸ்பேடாவது இருக்கும் என்று நம்பி அந்த 6 பாயின்ட்காரர் 2 ஸ்பேடுக்கு ஓடினால் 5-1 டிரம்பில் மாட்டிக்கொள்வோம். அந்த ஒற்றை ஸ்பேட் 4 இல்லாமல் குயினாகவோ கிங்காகவோ இருந்தால் மனம் நிம்மதிப்படும். இருந்தும், இந்த 14 பாயின்ட்டுக்கு என் ஓட்டு 1 நோ டிரம்புக்கே. சிதறிக் கிடக்கும் பாயின்ட், பலமான கிளப் கிங், நலிந்த டைமண்ட் எல்லாம் அந்தப் பக்கமே சாய்கின்றன. அதே 1-4-5-3 அமைப்பில் டைமண்ட் ஏஸ், குயின், ஜாக், 10, 3 என்று வந்து கிளப்பில் 8, 6, 2 மட்டும் இருந்தால், 2 டைமண்டுக்கு மாறிவிடுவேன். அந்த ஐந்து ஆறுக்குச் சமம்.

ஏகோல் என்ற வேறொரு ஏல முறையில் ஆடுபவர்களுக்கு இந்த வசதி கிடையாது. அங்கே 12–14க்கு 1 நோ டிரம்பில் திறப்பதால், ரீபிட்டாக வரும் 1 நோ டிரம்ப் 15 பாயின்ட்டிலிருந்து ஆரம்பிக்கும். 14 வைத்துக்கொண்டு அதைச் சொன்னால் பலத்திலும் பொய், அமைப்பிலும் பொய். அவர்கள் 2 டைமண்ட் சொல்லி ஹார்ட்டை மறக்க வேண்டியதுதான்.

எந்த முறையானாலும், 1 நோ டிரம்ப் ரீபிட்டில் ஒற்றைச் சீட்டு வரலாமா என்பதைப் பார்ட்னரோடு முன்பே பேசிவிடுங்கள். வரும் என்றால், ஐந்தே ஸ்பேடை வைத்து 2 ஸ்பேட் சொல்ல அவர் யோசிப்பார். எதிரணி கேட்டால், இந்த ஏற்பாட்டை அவர்களுக்கும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.