ஓடிபிசி, ஜேடிபிசி, பைத்தானின் டிபி-ஏபிஐ: எது எங்கே கைகொடுக்கும்?

தரவுத்தளத்தோடு பேசுவதற்கு ஒரு பொது இடைமுகம் இருந்துவிட்டால், நாளைக்குத் தரவுத்தளத்தையே மாற்றினாலும் நிரலில் கை வைக்க வேண்டியிருக்காது என்று சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. இணைப்பது, குவெரியை (தரவுத்தளத்துக்குக் கொடுக்கும் கட்டளையை) தயார் செய்வது, மதிப்புகளைப் பொருத்துவது, ஓட்டுவது, வரிசைகளை எடுப்பது, கமிட் செய்வது (மாற்றங்களை நிலைப்படுத்துவது) ஆகிய அழைப்புகளை இடைமுகம் பொதுவாக்கித் தருகிறது. அந்த அழைப்புக்குப் பின்னால் டிரைவர், அதாவது குறிப்பிட்ட தரவுத்தளத்தோடு பேசும் நிரல், எவ்வளவு நினைவகத்தை விழுங்குகிறது, பரிவர்த்தனையை (சேர்ந்தே நிலைக்கவோ ரத்தாகவோ வேண்டிய கட்டளைகளின் தொகுப்பை) எப்போது தொடங்குகிறது, பிழை வந்தால் எதைத் திருப்பித் தருகிறது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது அந்த இடங்களைத்தான்.

அப்படிப்பட்ட இடைமுகங்கள்தான் ஓடிபிசி, ஜேடிபிசி, டிபி-ஏபிஐ. மூன்றின் பிறப்பையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஓடிபிசியை மைக்ரோசாஃப்ட் 1992-ல் வெளியிட்டது. சி மொழிக்கான இடைமுகம் இது. எஸ்க்யூஎல் ஆக்சஸ் குரூப் என்ற கூட்டமைப்பின் வரையறையை அடிப்படையாகக் கொண்டது. அந்த வரையறை 1995-ல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. ஜேடிபிசி 1997-ல் ஜாவா 1.1 பதிப்போடு வந்தது. பைத்தானின் டிபி-ஏபிஐ 2.0, பெப் 249 என்ற ஆவணமாக 1999-ல் எழுதப்பட்டது. முதல் இரண்டிலும் வரையறை இறுக்கமானது. மூன்றாவது, ஏற்கெனவே இருந்த டிரைவர்களை ஒரு குடையின் கீழ் கொண்டுவரும் ஒப்பந்தம் மாதிரி. பல இடங்களில் டிரைவர் எழுதுபவரின் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறது. கீழே வரும் வேறுபாடுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கிறது.

நிறுவும் வேலையில்

ஜேடிபிசிதான் இங்கே முதலிடம், சந்தேகமே இல்லை. இப்போது புழங்கும் டிரைவர்களில் பெரும்பாலானவை முழுக்க ஜாவாவிலேயே எழுதப்பட்டவை. ஒரு ஜார் கோப்பை (ஜாவா நிரல் தொகுப்பை) கிளாஸ்பாத்தில், அதாவது ஜாவா அதைத் தேடும் இடத்தில், வைத்தால் போதும். 2006-ல் வந்த ஜாவா 6-க்குப் பிறகு டிரைவரின் வகுப்பைப் பெயர் சொல்லி ஏற்ற வேண்டிய தேவையும் போய்விட்டது. ஓடிபிசி வழியாகச் சுற்றிப் போகும் பழைய பாலம் ஜாவா 8-ல் நீக்கப்பட்டது. அது போனதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஓடிபிசியில் நிரலுக்கும் டிரைவருக்கும் நடுவே டிரைவர் மேனேஜர் என்று ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். விண்டோஸில் அது கூடவே வருகிறது. லினக்ஸில் யூனிக்ஸ்ஓடிபிசி அல்லது ஐஓடிபிசியை நிறுவ வேண்டும். இரண்டும் அகல எழுத்துகளை வேறு வேறு அளவில் வைப்பவை என்பதால், ஒன்றுக்காகக் கட்டிய டிரைவர் மற்றொன்றில் சரியாக ஓடும் என்று நம்ப முடியாது. விண்டோஸில் இன்னொரு தலைவலி: 32 பிட் செயலிக்கு (அப்ளிகேஷனுக்கு) 32 பிட் டிரைவர்தான் கண்ணுக்குத் தெரியும். 64 பிட் விண்டோஸில் ஓடிபிசி நிர்வாகக் கருவிகள் இரண்டு உண்டு. இரண்டின் கோப்புப் பெயரும் 32 என்றே முடியும். ஆனால் சிஸ்டம்32 அடைவில் இருப்பது 64 பிட் கருவி. பெயரைப் பார்த்துத் திறந்தால் தப்பான கருவியில் இணைப்பை உருவாக்கிவிட்டு, செயலிக்கு அது ஏன் தெரியவில்லை என்று தேடிக்கொண்டிருக்க நேரிடும்.

தமிழில் தரவு வைத்திருப்பவர்கள் ஓடிபிசியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு அழைப்புக்கும் பழைய ஏஎன்எஸ்ஐ வடிவம், யூனிகோட் வடிவம் என்று இரண்டு உண்டு. விண்டோஸில் தமிழுக்கென்று ஏஎன்எஸ்ஐ குறிப்பக்கம் கிடையாது. அதனால் பழைய வடிவத்தில் போகும் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிவிடும். ஜாவா, பைத்தான் 3 இரண்டிலும் சரம் என்றாலே யூனிகோட்தான் என்பதால் நிரல் பக்கம் இந்தத் தொல்லை இல்லை.

பைத்தானில் நிறுவுவது சுலபம். எஸ்க்யூலைட் டிரைவர் மொழியோடேயே வருகிறது, மற்றவற்றைப் பிப் என்ற நிறுவும் கருவி கொண்டு வந்துவிடும்.

மதிப்புகளைப் பொருத்துவதில்

ஓடிபிசியிலும் ஜேடிபிசியிலும் மதிப்பு வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறி போடுகிறோம். எந்தத் தரவுத்தளமாக இருந்தாலும் அதுதான். டிபி-ஏபிஐ ஐந்து பாணிகளை அனுமதிக்கிறது. எஸ்க்யூலைட்டில் கேள்விக்குறி, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கான சைகோபிஜி டிரைவரில் சதவீதக் குறி, ஆரக்கிளில் முக்காற்புள்ளியோடு பெயர். ஆக, ஒரு டிரைவரிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் குவெரிகள் எல்லாவற்றையும் திருத்த வேண்டும். பொது இடைமுகம் என்று பெயர் வைத்துவிட்டு இதை இப்படி விட்டது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. கோ மொழியின் பொது இடைமுகமும் இதையே செய்கிறது, அங்கேயும் குறியை டிரைவர்தான் முடிவு செய்கிறது.

ஜேடிபிசியின் கேள்விக்குறிக்கும் ஓர் இடறல் உண்டு. போஸ்ட்கிரெஸின் ஜேசன் வகைகளில் கேள்விக்குறி ஒரு செயற்குறியாகவும் வருகிறது. அப்படி வரும் இடங்களில் இரண்டு கேள்விக்குறிகளாக எழுத வேண்டும், இல்லையென்றால் டிரைவர் அதை மதிப்புக்கான இடமாக எடுத்துக்கொள்ளும்.

மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாத வேறுபாடு ஒன்று: சைகோபிஜியின் 2-ஆம் பதிப்பு மதிப்புகளைத் தன் பக்கத்திலேயே குவெரிக்குள் பாதுகாப்பாகக் கோத்து, முழு எஸ்க்யூஎல்லாக அனுப்புகிறது. 3-ஆம் பதிப்பு குவெரியையும் மதிப்புகளையும் தனித்தனியே சர்வருக்கு அனுப்புகிறது. இடைமுகம் அதேதான், ஆனால் 2-ல் ஓடிய சில குவெரிகள் 3-ல் ஓடாது. ஒரு பட்டியலை அப்படியே உள்ளே கொடுத்து எழுதிய நிபந்தனைகள் இதற்குப் பழக்கமான உதாரணம்.

பரிவர்த்தனை எப்போது தொடங்குகிறது

ஓடிபிசியிலும் ஜேடிபிசியிலும் ஆட்டோகமிட் இயல்பாகவே இயங்கும். ஒவ்வொரு குவெரியும் ஓடி முடித்ததும் நிலைத்துவிடும். டிபி-ஏபிஐ நேர்மாறு: ஆட்டோகமிட் அணைந்தே இருக்க வேண்டும் என்று ஆவணம் சொல்கிறது. கமிட் செய்யாமல் இணைப்பை மூடினால் எழுதியதெல்லாம் போய்விடும். ஜாவாவிலிருந்து பைத்தானுக்கு வருபவர்களுக்கு முதலில் இடிக்கும் இடம் இது. பிழை எதுவும் வராது, தரவு மட்டும் இருக்காது.

இரண்டில் எது சரி? தரவைக் காப்பது என்று பார்த்தால் டிபி-ஏபிஐயின் பக்கம் நியாயம் இருக்கிறது. இரண்டு அட்டவணைகளில் சேர்ந்து எழுத வேண்டியதை ஆட்டோகமிட்டில் விட்டால், நடுவில் பிழை வந்தால் பாதி எழுதியது அப்படியே நிற்கும். ஆனால் அந்தப் பக்கத்திலும் ஓர் ஆபத்து உண்டு. சைகோபிஜியில் வெறும் செலக்ட் (படிக்கும் கட்டளை) கூடப் பரிவர்த்தனையைத் தொடங்கிவிடும். அதை முடிக்காமல் இணைப்பைத் திறந்தே வைத்திருந்தால், போஸ்ட்கிரெஸ் அதைப் பரிவர்த்தனைக்குள் சும்மா கிடக்கும் இணைப்பாகக் கணக்கு வைக்கும். அட்டவணை மேல் பிடித்த பூட்டு விடாது. அதே அட்டவணையின் அமைப்பை மாற்ற வரும் கட்டளை காத்துக்கொண்டே நிற்கும், அதற்குப் பின்னால் வருகிற மற்ற குவெரிகளும் வரிசை கட்டும். படிக்க மட்டும் செய்யும் வேலைகளுக்குப் பைத்தானில் ஆட்டோகமிட்டை வெளிப்படையாக இயக்கிவிடுவது நல்லது.

வரிசைகள் எப்படி வந்து சேர்கின்றன

என்னைக் கேட்டால் ஒப்பீட்டின் மையமே இங்கேதான். மூன்று இடைமுகங்களிலும் வரிசைகளை ஒவ்வொன்றாக எடுக்கும் அழைப்பு இருக்கிறது. நிரலைப் படித்தால் தரவும் ஒவ்வொன்றாகத்தான் வருகிறது என்று தோன்றும். அப்படி இல்லை.

போஸ்ட்கிரெஸின் ஜேடிபிசி டிரைவர் இயல்பாக முழு விடையையும் நினைவகத்துக்குள் கொண்டுவந்துவிட்டுத்தான் முதல் வரிசையையே தரும். தவணை அளவு ஒன்றை, அதாவது ஒரு தடவைக்கு எத்தனை வரிசைகள் என்பதை, கொடுத்து அதை மாற்றலாம். ஆனால் ஆட்டோகமிட் அணைந்திருந்தால்தான் அந்த அளவை டிரைவர் மதிக்கும். அணைக்க மறந்தால் எச்சரிக்கை கூட வராது, பழையபடி எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். மைஎஸ்க்யூஎல் டிரைவரும் இயல்பாக முழுவதையும் எடுக்கும். அங்கே ஒவ்வொன்றாக வேண்டுமென்றால், தவணை அளவாக இன்டிஜர் வகையின் மிகச்சிறிய மதிப்பான -2147483648 என்ற எண்ணைக் கொடுக்க வேண்டும். அப்புறம் அந்த விடையைப் படித்து முடிக்கும்வரை அதே இணைப்பில் வேறு குவெரி ஓட்ட முடியாது. கர்சர் (விடையைத் துண்டு துண்டாகப் படிக்க உதவும் சுட்டி) வழியாக எடுக்கச் சொல்லும் அமைப்பு ஒன்று தனியாக உண்டு, அதுதான் கொஞ்சம் நாகரிகமானது.

ஆரக்கிளின் ஜேடிபிசி டிரைவர் எதிர்த் திசையில் போகிறது: ஒரு தடவைக்கு 10 வரிசைகள். 10 லட்சம் வரிசைகளை எடுக்க சர்வருக்கு 1 லட்சம் தடவை போய் வர வேண்டும். ஒரு பயணத்துக்கு 1 மில்லி விநாடி என்று வைத்துக்கொண்டாலும், காத்திருப்பு மட்டும் 100 விநாடி. தவணையை 1000 ஆக்கினால் அது 1 விநாடியாகச் சுருங்கும். இதே ஆரக்கிளின் பைத்தான் டிரைவரில் இயல்பு அளவு 100.

பைத்தானில் சைகோபிஜியும் சாதாரணக் கர்சரில் முழு விடையையும் வாங்கிவிடும். ஒரு வரிசை மட்டும் கேட்டாலும் அப்படித்தான். பெயர் சூட்டிய கர்சரைத் திறந்தால் தரவு சர்வரிலேயே இருக்கும். 2-ஆம் பதிப்பில் சுற்றிப் படிக்கும்போது 2000 வரிசைகளாக வரும். எஸ்க்யூலைட்டோ உண்மையிலேயே ஒவ்வொன்றாகத் தருகிறது. போஸ்ட்கிரெஸின் ஓடிபிசி டிரைவரிலும் இதே கதைதான், தவணையில் எடுக்கும் வசதி அமைப்பில் அணைந்த நிலையில் வருகிறது.

ஓடிபிசிக்கு இங்கே ஒரு நிஜமான பலம் உண்டு. ஒரே அழைப்பில் பல வரிசைகளை, நெடுவரிசை நெடுவரிசையாக, நம் நிரலின் நினைவகத்துக்குள்ளேயே நேராக நிரப்பச் சொல்லலாம். 1990-களிலேயே இதை யோசித்திருக்கிறார்கள். ஜேடிபிசியில் ஒவ்வொரு மதிப்பையும் தனித்தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும். எண்ணாகக் கேட்டால் நல் (null, மதிப்பே இல்லாத நிலை) கூட 0 என்றே வரும், கடைசியாக எடுத்தது null தானா என்று இன்னொரு தடவை விசாரிக்க வேண்டும். பைத்தான் நன் (None) என்று நேராகச் சொல்லிவிடும். இந்த ஒரு விஷயத்தில் அதுதான் நேர்மையான வடிவமைப்பு.

எழுதும் திசையில் சொல்ல வேண்டியது குறைவு. மொத்தமாக நுழைக்கும் அழைப்பு மூன்றிலும் இருக்கிறது, ஆனால் அது வேகமானது என்று நம்பிவிடக் கூடாது. சைகோபிஜி 2-ல் அது உள்ளே ஒவ்வொன்றாகத்தான் ஓடுகிறது. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் ஜேடிபிசி டிரைவர்களில் பல நுழைவுகளை ஒரே கட்டளையாகத் திருத்தி எழுதும் அமைப்பை நாமே இயக்க வேண்டும். லட்சக்கணக்கில் ஏற்றுவதென்றால் போஸ்ட்கிரெஸின் காப்பி கட்டளைக்குப் போக வேண்டியதுதான். அது எந்தப் பொது இடைமுகத்திலும் கிடையாது, டிரைவரின் சொந்த வசதி.

பிழைகளும் இணைப்புகளும்

ஐந்து எழுத்துப் பிழைக்குறி ஓடிபிசியிலும் ஜேடிபிசியிலும் வரையறையிலேயே இருக்கிறது. 23 என்று தொடங்கினால் கட்டுப்பாடு மீறல், 08 என்றால் இணைப்புச் சிக்கல், 40 என்றால் பரிவர்த்தனை தூக்கி எறியப்பட்டது, மறுபடி முயலலாம். இரண்டு பரிவர்த்தனைகள் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டால் மைஎஸ்க்யூஎல் 40001 தருகிறது, போஸ்ட்கிரெஸ் 40பி01 தருகிறது. முதல் இரண்டு இலக்கத்தை மட்டும் பார்த்து மறுமுயற்சியை எழுதினால் இரண்டிலும் வேலை செய்யும். டிபி-ஏபிஐ பிழை வகுப்புகளின் பெயர்களோடு நின்றுவிடுகிறது. குறி வேண்டுமானால் அந்தந்த டிரைவரின் சொந்தப் பண்பைத் தேட வேண்டும்.

இணைப்புகளைக் குளமாக, அதாவது திறந்தே வைத்து மறுபடி மறுபடி பயன்படுத்தும் தொகுப்பாக, பராமரிப்பதை ஜேடிபிசி நன்றாக யோசித்திருக்கிறது. ஹிகாரிசிபி போன்ற நூலகங்கள் அந்த வரையறைக்குள் கச்சிதமாகப் பொருந்துகின்றன. ஹிகாரிசிபியின் இயல்பு அளவு 10 இணைப்புகள். போஸ்ட்கிரெஸின் இயல்பு வரம்பு 100. அதே செயலியை 12 பிரதிகளாக ஓட்டினால் 120 கேட்கும், அங்கேயே முட்டும். டிபி-ஏபிஐ இதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

எதை எடுப்பது

ஜாவா, கோட்லின் என்று ஜேவிஎம் (ஜாவா நிரல்களை ஓட்டும் மெய்நிகர் இயந்திரம்) பக்கம் இருந்தால் ஜேடிபிசி. வேறு யோசனையே வேண்டாம். மேலே ஓஆர்எம் (அட்டவணைகளை நிரலின் பொருள்களாகக் காட்டும் நூலகம்) வைத்தாலும் கீழே ஓடுவது அதுதான், ஆகவே தவணை அளவு பற்றிச் சொன்னது அங்கேயும் பொருந்தும். ஜேடிபிசி விடை வரும்வரை நிரலைக் காக்க வைக்கும் வகை இடைமுகம் என்ற குறை பழையது. அதற்காக வந்த, காக்க வைக்காத இடைமுகமான ஆர்2டிபிசி 2022-ல் 1.0 ஆனது. 2023-ல் ஜாவா 21 மெய்நிகர் இழைகளை (காத்திருந்தாலும் செலவு குறைந்த இழைகளை) கொடுத்த பிறகு, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதன் தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது என்பது என் கணிப்பு.

பைத்தானில் தரவுத்தளம் ஒன்றே ஒன்று என்று முடிவாகியிருந்தால் அதன் சொந்த டிரைவரை எடுங்கள். இரண்டுக்கு மேல் ஆதரிக்க வேண்டுமானால் டிபி-ஏபிஐயை நம்பி நேரடியாக எழுத வேண்டாம், எஸ்க்யூஎல்ஆல்கெமி என்ற பைத்தான் நூலகத்தின் கீழடுக்கை வைத்துக்கொள்ளுங்கள். குறிகளின் குழப்பத்தை அது தீர்த்துவிடும்.

ஓடிபிசிக்கு வயதாகிவிட்டது என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அறிக்கைக் கருவிகள், விரிதாள்கள், சி++ செயலிகள் இவற்றுக்கெல்லாம் பொதுவான வாசல் இன்னும் அதுதான். பைத்தானிலிருந்து எஸ்க்யூஎல் சர்வருக்குப் போகவும் பைஓடிபிசி (ஓடிபிசி வழியே போகும் பைத்தான் நூலகம்) நல்ல வழி. கோடிக்கணக்கான வரிசைகளைப் பகுப்பாய்வுக்கு இழுப்பவர்கள் மட்டும் ஏரோ என்ற நெடுவரிசைத் தரவு வடிவத் திட்டத்தின் ஏடிபிசி இடைமுகத்தைப் பார்க்கலாம், 2023-ல் 1.0 வரையறை வந்தது, விடையை நெடுவரிசைகளாகவே கையில் தருகிறது.

தரவுத்தளத்தை மாற்றும் எண்ணம் இருப்பவர்கள் முதலில் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஒரு பரிவர்த்தனைக்குள், ஏற்கெனவே இருக்கும் சாவியோடு (ஒவ்வொரு வரிசைக்கும் தனியாக இருக்க வேண்டிய மதிப்போடு) ஒரு வரிசையை நுழைத்துப் பிழையை வரவழையுங்கள். அந்தப் பிழையைப் பிடித்துக்கொண்டு, அதே பரிவர்த்தனையில் ஒரு செலக்ட் ஓட்டுங்கள். மைஎஸ்க்யூஎல் விடை தரும். போஸ்ட்கிரெஸ் 25பி02 என்று மறுக்கும், ரோல்பேக் செய்யும்வரை (பரிவர்த்தனையை ரத்து செய்யும்வரை) எதையும் ஓட்டாது. போஸ்ட்கிரெஸின் ஜேடிபிசி டிரைவரில் இதற்கு ஆட்டோசேவ் என்ற அமைப்பு இருக்கிறது, ஓடிபிசி டிரைவரில் கட்டளை அளவில் ரோல்பேக் செய்யும் அமைப்பு இருக்கிறது, பைத்தானில் நாமே சேவ்பாயின்ட் (பரிவர்த்தனைக்குள் திரும்பி வரக்கூடிய இடைக்குறி) வைக்க வேண்டும்.