டிசபிலிட்டி பென்ஷன் மறுக்கப்பட்டால்: துறை மேல்முறையீடா, தீர்ப்பாயமா?

ஓய்வுபெறும் சிப்பாயைப் பரிசோதிக்கும் மருத்துவ வாரியம், அவருக்கு ரத்த அழுத்தமோ முதுகுத்தண்டுத் தேய்மானமோ இருப்பதை ஏற்று, இயலாமை 30 விழுக்காடு என்று அளவும் குறித்துவிட்டு, அடுத்த பத்தியிலேயே அந்த நோய் பணியால் உண்டானதுமன்று, பணியால் மோசமானதுமன்று என்று எழுதிவிடுவது அரிதான செய்தி அல்ல. அந்த ஒரு வரி போதும், இயலாமை ஓய்வூதியம் மறுக்கப்பட்டுவிடும். அதன்பிறகு அவர் முன் இருக்கும் வழிகள் நான்கு: துறைக்குள் முதல் மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு, ஆயுதப்படைத் தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம். இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படிக்கட்டாகவே பலரும் பார்க்கிறார்கள். சட்டத்தின் பார்வையில் அது ஓரளவு சரிதான் என்றாலும், எந்தப் படியில் எவ்வளவு உழைப்பைச் செலவிடுவது என்பது தகராறு எதைப் பற்றியது என்பதைப் பொறுத்தது.

தகராறுகளும் ஒரே வகை அல்ல. நோய்க்கும் பணிக்கும் தொடர்பு இல்லை என்று சொன்னதை எதிர்ப்பது ஒன்று; விழுக்காட்டைக் குறைத்துப் போட்டதை எதிர்ப்பது மற்றொன்று; விழுக்காட்டை ஏற்றும் அதை மேல் அடுக்குக்கு உயர்த்தித் தராததை எதிர்ப்பது மூன்றாவது. இந்த மூன்றாவதில் அடங்கிய பணம் சிறியதல்ல. முழு இயலாமைக்கு, அதாவது 100 விழுக்காட்டுக்கு, இயலாமைக் கூறு, அதாவது ஓய்வூதியத்தில் இயலாமைக்கென்றே தரப்படும் பகுதி, கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு. குறைந்த இயலாமைக்கு அதே விகிதத்தில் குறையும். கடைசி ஊதியம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 30 விழுக்காடு இயலாமைக்கு மாதம் 3,600 ரூபாய். 1996 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அடுக்கு முறையில் 50க்குக் கீழ் உள்ளது 50 ஆகவும், 50 முதல் 75 வரை உள்ளது 75 ஆகவும், அதற்கு மேல் உள்ளது 100 ஆகவும் கொள்ளப்படும். அப்படிக் கணக்கிட்டால் அதே சிப்பாய்க்கு 6,000 ரூபாய், அதற்குரிய அகவிலைப்படி தனி. நாற்பது வயதுக்கு முன்பே ஓய்வுபெறும் ஒருவருக்கு இந்த 2,400 ரூபாய் வேறுபாடு ஆயுள் முழுவதும் தொடரும்.

முதல் மேல்முறையீட்டை மறுப்பு ஆணை கிடைத்த ஆறு மாதத்துக்குள், ஆவணக் காப்பு அலுவலகம் வழியாக, அதாவது எல்லோரும் ரெக்கார்ட் ஆபீஸ் என்று சொல்லும் இடத்தின் வழியாக, அனுப்ப வேண்டும். இதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. செலவும் ஏறக்குறைய இல்லை. பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. மேல்முறையீட்டைப் பரிசீலிக்கும் குழு மீண்டும் படைத்துறை மருத்துவர்களின் கருத்தையே சார்ந்திருக்கிறது. முதலில் மறுத்தவர்கள் நம்பிய அதே மருத்துவக் கையேட்டின் கண்ணோட்டத்தில்தான் அவர்களும் கோப்பைப் படிக்கிறார்கள். ஆகவே 'நோய் உடலமைப்பு சார்ந்தது', அதாவது அவரது உடல்வாகால் வந்தது, பணியால் அல்ல, என்ற காரணம் இரண்டாவது முறையாக அப்படியே திரும்பி வந்தால் வியப்படைய வேண்டியதில்லை.

அதற்காக இதை ஒரு சடங்காக எழுதி அனுப்புவது பெருந்தவறு என்றே நான் கருதுகிறேன். பின்னால் தீர்ப்பாயம் படிக்கப்போகும் கோப்பு இங்கேதான் உருவாகிறது. எந்த ஆண்டில் எந்த உயரமான பகுதியில் பணிபுரிந்தார், நோய் முதன்முதலில் எந்தப் படை மருத்துவமனையில் பதிவானது, அதற்குப்பின் எந்தெந்த இடமாற்றங்கள் நேர்ந்தன என்பவற்றைத் தேதி வரிசையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆவணம் இணைத்து அனுப்பினால், அதற்குப் பதில் சொல்லாமல் தள்ளுபடி செய்த ஆணையே பின்னர் மனுதாரருக்குச் சாதகமான சான்றாகிவிடும். 'கருணை கூர்ந்து பரிசீலிக்க வேண்டுகிறேன்' என்று முடியும் ஒரு பக்கக் கடிதத்தால் அது நடக்காது.

இரண்டாம் மேல்முறையீடு, முதலாவது தள்ளுபடியான ஆறு மாதத்துக்குள் செய்யப்படுவது. குழு உயர்மட்டக் குழு என்பதைத் தவிர அணுகுமுறையில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க முடியாது. புதிய ஆவணம் கையில் கிடைத்திருந்தால் இதற்குப் பயன் உண்டு. இல்லையென்றால் இது பெரும்பாலும் காத்திருப்புதான். 2007ஆம் ஆண்டின் ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம், துறைக்குள் உள்ள தீர்வுகளை நாடிய பிறகே 'சாதாரணமாக' மனுவை ஏற்க வேண்டும் என்று 21ஆம் பிரிவில் சொல்கிறது. மேல்முறையீடு கொடுத்து ஆறு மாதம் ஆகியும் முடிவு வராவிட்டால் அந்தத் தீர்வை நாடியதாகவே கொள்ளப்படும் என்பதையும் அதே பிரிவு சொல்கிறது. பதில் வராத மேல்முறையீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் இதை அறிந்திருந்தால் எவ்வளவோ காலம் மிச்சமாகியிருக்கும்.

தீர்ப்பாயம் 2009 ஆகஸ்டில் செயல்படத் தொடங்கியது. புதுதில்லியில் முதன்மை அமர்வும், சென்னை, கொச்சி உள்ளிட்ட இடங்களில் மண்டல அமர்வுகளும் உண்டு. ஓய்வுபெற்றவர் தாம் வசிக்கும் இடத்துக்குரிய அமர்விலேயே மனுச் செய்யலாம். அமர்வில் நீதித்துறை உறுப்பினர் ஒருவரோடு, படையில் உயர் பதவி வகித்த நிர்வாக உறுப்பினர் ஒருவரும் இருப்பார். பனிமலைக் காவல்சாவடி என்றால் என்ன என்பதை அங்கே முதலிலிருந்து விளக்க வேண்டியதில்லை. இறுதி ஆணையிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும்; தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க முடியும். வழக்கறிஞர் கட்டணமும் பயணமும்தான் இங்கே முக்கியச் செலவுகள்.

துறைக்குழுவுக்கும் தீர்ப்பாயத்துக்கும் உள்ள உண்மையான வேறுபாடு, யார் எதை நிரூபிக்க வேண்டும் என்பதில் இருக்கிறது. 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: படையில் சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் அவர் நல்ல உடல்நலத்தோடு சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும், பின்னால் வந்த நோய் பணியோடு தொடர்பற்றது என்றால் அதற்கான காரணத்தை மருத்துவ வாரியம் எழுத வேண்டும், ஐயத்தின் பலன் படைவீரருக்கே. தொலைத்தொடர்புப் பிரிவில் சிப்பாயாக இருந்து, வலிப்பு நோயால் 20 விழுக்காடு இயலாமையோடு வெளியேற்றப்பட்டவர் அவர். காரணம் எழுதாமல் 'தொடர்பில்லை' என்று முத்திரை குத்திய ஆணைகளைத் தீர்ப்பாயங்கள் ரத்து செய்வதற்கு இன்றும் அடிப்படையாக நிற்பது அந்தத் தீர்ப்புதான். எனவே முதல் வகைத் தகராறுக்கு, அதிலும் வாரியம் காரணம் சொல்லாத வழக்குகளுக்கு, தீர்ப்பாயமே சிறந்த இடம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் தரம்வீர் சிங் என்ற பெயரைச் சொன்னாலே வழக்கு வென்றுவிடும் என்று நம்புவது ஆபத்து. 2019இல் நர்சிங் யாதவ் வழக்கில் மனநோய் தொடர்பான கோரிக்கையை அதே உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சேரும்போது நடக்கும் பரிசோதனையில் எல்லா நோயையும் கண்டுபிடிக்க முடியாது என்றும், மருத்துவ வாரியத்தின் கருத்துக்கு உரிய மதிப்பு தர வேண்டும் என்றும் அது கூறியது. விடுப்பில் ஊருக்கு வந்த இடத்தில் நேர்ந்த விபத்துக்கும் பணித்தொடர்பைத் தனியே நிறுவியாக வேண்டும். விடுப்பும் பணிக்காலம்தானே என்ற வாதம் மட்டும் போதாது. இயலாமை ஓய்வூதியம் யாருக்கு உண்டு என்பதை வரையறுக்கும் புதிய தகுதி விதிகள் 2023 செப்டம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. அவை பின்தேதியிட்டுச் செயல்படாது என்றாலும், அதன்பின் ஓய்வுபெற்றவர் பழைய விதிகளின் கீழ் வந்த தீர்ப்புகளை அப்படியே துணைக்கு அழைப்பதற்கு முன் எந்த விதி தமக்குப் பொருந்தும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

விழுக்காட்டுத் தகராறில் என் பரிந்துரை நேர்மாறானது. 15 விழுக்காடு என்று போட்டதை 20 ஆக்கக் கேட்பவருக்குச் சட்டவாதத்தைவிட மறுபரிசோதனைதான் உதவும். மருத்துவர் அளவிட்டதைத் தீர்ப்பாயம் தானாக மாற்றி அளவிடத் தயங்கும், பெரும்பாலும் மீண்டும் ஒரு மருத்துவ வாரியத்துக்குத்தான் அனுப்பும். எனவே நிபுணரின் அண்மைக்காலச் சோதனை முடிவுகளோடு துறை மேல்முறையீட்டிலேயே மறுவாரியம் கேட்பது காலத்தை மிச்சப்படுத்தும். இருபதுக்குக் கீழே இருந்தால் இயலாமைக் கூறும் இல்லை, அடுக்கு உயர்வும் இல்லை என்பதை 2019இல் எஸ்.பி. ரத்தோர் வழக்கு உறுதிசெய்துவிட்டது. பணிக்காலம் முடிவதற்கு முன்பே நோய் காரணமாக வெளியேற்றப்பட்டவரின் நிலை வேறு: வெளியேற்றும் அளவுக்கு இருந்த இயலாமை இருபதுக்கு மேற்பட்டதாகவே கொள்ளப்பட வேண்டும் என்று 2014இல் சுக்விந்தர் சிங் வழக்கு சொல்கிறது.

அடுக்கு உயர்வு கேட்பவர் நிலை இவர்கள் எல்லோரையும்விட எளிது. பணிக்காலத்தை முழுமையாக முடித்து ஓய்வுபெற்றவருக்கும் இந்த உயர்வு உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. இங்கே மருத்துவக் கேள்வியே இல்லை. தரவில்லை என்றால் கோரிக்கை மனு ஒன்றை அனுப்பிவிட்டு, ஆறு மாதம் கழித்து நேரே தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

உயர் நீதிமன்றத்தை முதல் வாசலாக நினைப்பது பயனற்றது. தீர்ப்பாய ஆணையை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக முடியுமா என்பதே சில காலம் குழப்பத்தில் இருந்தது. 2015இல் சுருங்கிய அந்த வழியை, 2023இல் பரஷோத்தம் தாஸ் வழக்குத் தீர்ப்பு மீண்டும் திறந்தது. தீர்ப்பாயத்தில் தோற்றவருக்கு இது நல்ல செய்தி. வென்றவருக்கு அவ்வளவு நல்லதல்ல, ஏனென்றால் அரசும் அதே வாசலால் நுழையும். உச்ச நீதிமன்றத்துக்குப் போவதானால் பொது முக்கியத்துவம் உள்ள சட்டக் கேள்வி அடங்கியிருக்க வேண்டும். ஒரு தனிமனிதரின் முழங்கால் அந்த வரையறைக்குள் பெரும்பாலும் வராது. கடலோரக் காவல்படையினரும் மத்திய ஆயுதக் காவல் படையினரும் தீர்ப்பாயத்தின் வரம்புக்குள்ளேயே வருவதில்லை. அவர்களுக்கு மட்டும் உயர் நீதிமன்றமே இயல்பான இடம்.

பத்தாண்டு, இருபதாண்டு கழித்து விழித்துக்கொண்டவர்களும் மனுச் செய்யலாம், ஓய்வூதிய மறுப்பு மாதந்தோறும் தொடரும் தவறு என்பதால். ஆனால் 2008இல் தர்சேம் சிங் வழக்கில், நிலுவைத் தொகை மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே என்று வரையறுக்கப்பட்டது. ஆகவே தாமதத்தின் விலை உரிமை அல்ல, பணம்.

எந்த வழியானாலும் கையில் முதலில் இருக்க வேண்டியது மருத்துவ வாரிய நடவடிக்கையின் முழு நகல். ஓய்வுபெறும் அவசரத்தில் கையெழுத்திட்டுவிட்டு நகல் வாங்காமல் வந்தவர்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தோடு ரெக்கார்ட் ஆபீஸுக்கு விண்ணப்பிக்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். மேல்முறையீட்டுக்கான ஆறு மாதக் கெடுவில் அந்த 30 நாளும் சேர்ந்தே ஓடும் என்பதால், மறுப்புக் கடிதம் வந்த வாரத்திலேயே இந்த விண்ணப்பத்தை அனுப்பிவிடுவது நல்லது.