உப்புக் காற்றில் முப்பது வருடம்: பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் இம்மொபிலைசர்கள் எப்படி இருக்கின்றன?

டர்பன், சாட்ஸ்வொர்த், டோங்காட் பக்கம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் பலருக்கும் இம்மொபிலைசர் மேல், அதாவது சரியான சாவி இல்லாமல் எஞ்சினைப் பிடிக்க விடாத திருட்டுத் தடுப்புக் கருவியின் மேல், ஒரு மனக்குறை உண்டு. ரோஸ்லினில் கட்டிய பிஎம்டபிள்யூ இ30 325ஐஎஸ், இன்று கெபெஹா எனப்படும் போர்ட் எலிசபெத்தில் கட்டிய ஓப்பல் கேடட் சூப்பர்பாஸ் போன்ற வண்டிகளில் இருப்பவை பெரும்பாலும் ஆலையில் வைத்தவை அல்ல. காப்பீட்டுக்காரர்கள் வெசா (தென்னாப்பிரிக்க வாகனப் பாதுகாப்புச் சங்கம்) சான்றிதழ் கேட்டதால் 1990-களில் வெளியே பொருத்தியவை. டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி, ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு சின்ன உலோகக் குழி, அதில் தொட்டு எடுக்க பொத்தான் மாதிரி ஒரு டச்-கீ. இந்த மதிப்புரை முக்கியமாக அந்தப் பெட்டியைப் பற்றியது. பெட்டி நல்ல பெட்டி. பொருத்தியவர் போட்ட இணைப்புகள்தான் கெடுகின்றன. இதுதான் எங்கள் முடிவு. ஆகவே முழுதாகப் பிடுங்கி எறிவதற்கு முன் பழுது பார்ப்பது தகும்.

இந்த வகையின் பலம் எளிமை. டச்-கீக்குள் பேட்டரி கிடையாது. துருப்பிடிக்காத எஃகு வில்லைக்குள் ஒரு சில்லு, அதில் 64 பிட் எண். குழியில் தொட்டதும் பெட்டி அந்த எண்ணைப் படித்து, தெரிந்த எண் என்றால் ரிலேக்களை, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளை, சேர்க்கும். தென்னாப்பிரிக்காவில் ரிமோட் ஜாமிங் எவ்வளவு பெரிய தொல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. 403 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டை யாராவது அடைத்துவிட்டால் கதவு பூட்டாது; ஆனால் இந்த இம்மொபிலைசர் ரிமோட்டை நம்பி இல்லை. இக்னிஷனை அணைத்துச் சிறிது நேரத்தில் தானாகவே காவலுக்குப் போய்விடும். பலவீனமும் ஒன்று உண்டு: அந்த எண் ரகசியக் குறியாக்கம் எதுவும் இல்லாதது. காலி வில்லையில் நகல் எடுக்கலாம். வண்டியைக் கழுவக் கொடுக்கும்போது டச்-கீயையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

இப்போது என்ன கெடுகிறது என்று பார்ப்போம். பெட்டி பொதுவாக இரண்டு அல்லது மூன்று சுற்றுகளை வெட்டும்: ஸ்டார்ட்டர், இக்னிஷன், பெட்ரோல் பம்ப். ஒவ்வொரு வெட்டுக்கும் அசல் வயரை நடுவில் அறுத்து, இரு முனைகளையும் பெட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். மூன்று சுற்று என்றால் ஆறு இணைப்புகள். அதற்கு மேல் எர்த், நிரந்தர 12 வோல்ட், கதவுச் சுவிட்ச். அன்றைக்கு அவசரத்தில் பலரும் நீலநிறக் கிள்ளு இணைப்பி போட்டார்கள். சிலர் வெறுமனே முறுக்கி டேப் சுற்றினார்கள். அப்படி ஒரு நீல இணைப்பியை இடுக்கியால் திறந்து பாருங்கள். வயரின் மேல்தோலைக் கிழித்து உள்ளே இறங்கிய உலோக நாக்கு, செம்பு இழைகளில் பாதியை ஏற்கெனவே அறுத்திருக்கும். மீதி இழைகளில் பச்சைக் களிம்பு. விரலால் தேய்த்தால் தூளாக உதிரும். பிளஃப், இசிப்பிங்கோ மாதிரிக் கடலோரம் நிற்கும் வண்டியில் இந்தக் களிம்பு வயரின் உறைக்குள்ளேயே பல சென்டிமீட்டர் தூரம் ஏறியிருக்கும்.

இதன் விளைவைக் கணக்காகவே பார்க்கலாம். பெட்ரோல் பம்ப் 7 ஆம்பியர் இழுக்கிறது, ஒரு கெட்ட இணைப்பில் 0.2 ஓம் தடை என்று வையுங்கள். அங்கேயே 1.4 வோல்ட் போய்விடும். கிட்டத்தட்ட 10 வாட் சூடு அந்த ஒரே புள்ளியில் கிளம்பும். பம்புக்கு வோல்ட் குறைந்தது வண்டியை மெதுவாக ஓட்டும் வரை தெரியாது. 5000 சுற்றுக்கு மேல் மிதிக்கும்போது வண்டி மூச்சு வாங்கும். உடனே பம்பை மாற்றுகிறார்கள், ஃபில்டரை மாற்றுகிறார்கள், இன்ஜெக்டரைக் கழுவுகிறார்கள். குறை அப்படியே இருக்கும்.

அதனால் எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன் ஒரு மல்டிமீட்டர் போதும். பேட்டரியில் முதலில் அளவெடுங்கள்: ஓய்வில் 12.6 வோல்ட், ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6-க்குக் கீழே போகக்கூடாது. அதற்குக் கீழே விழுந்தால் பெட்டிக்குள் இருக்கும் சில்லே மயங்கி மறுபடி தொடங்கும். இம்மொபிலைசரின் மேல் பழி போடுவது நியாயமில்லை. பேட்டரி சரி என்றால், மீட்டரின் ஒரு முனையை ரிலேக்குள் போகும் வயரிலும் மறு முனையை வெளியே வரும் வயரிலும் வைத்து, சுமை ஓடும்போது பாருங்கள். 0.2 வோல்ட் வரை நல்லது. 0.5 தாண்டினால் அந்தச் சுற்றைத் திறந்தே ஆக வேண்டும். தொடர்ச்சிச் சோதனையின் பீப் சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும்.

இணைப்புகள் சரியாக இருந்தும் குறை வந்து போனால் பெட்டியைத் திறக்கலாம். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் பெட்டியை மெல்லத் தட்டும்போது எஞ்சின் நின்றால் சந்தேகமே வேண்டாம். உள்ளே ரிலேக்கள் அச்சுப் பலகையில் நேரே சாலிடர் செய்யப்பட்டவை. கனமான ரிலே, முப்பது வருட அதிர்வு, டேஷ்போர்டின் வெயில் சூடு எல்லாம் சேர்ந்து அதன் கால்களைச் சுற்றியுள்ள சாலிடரை உடைக்கின்றன. பூதக்கண்ணாடியில் பார்த்தால் காலைச் சுற்றி முடி மாதிரி ஒரு கறுப்பு வளையம் தெரியும். அதுதான் விரிசல். அதன் மேலேயே புது ஈயத்தை வைப்பது அரை வேலை. பழையதை உறிஞ்சி எடுத்து, ஃப்ளக்ஸ் தடவி, 60/40 சாலிடரை 350 டிகிரி முனையில் புதிதாக வைக்க வேண்டும். கையோடு ரிலேக்களையும் மாற்றிவிடுவது நல்லது: 12 வோல்ட் சுருள், 30 ஆம்பியர் தொடுமுனை, அதே கால் அமைப்பு. ஸ்டார்ட்டர் சொலினாய்டு இழுக்கும் கணத்தில் கரண்ட் பாய்ந்து எழும். அந்தத் தொடுமுனைகளில்தான் முதலில் குழி விழுகிறது. எலெக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர்களுக்கு 105 டிகிரி ரகம் போடுங்கள், 85 வேண்டாம். கடைசியில் பலகைக்கு அக்ரிலிக் பூச்சு. வினிகர் வாசனை வரும் சிலிக்கோனை மட்டும் பூசாதீர்கள். அதிலிருந்து கிளம்பும் அமிலம் செம்பைத் தின்றுவிடும்.

வயர் வேலையில் ஒரு எச்சரிக்கை. திருடனுக்குப் புரியக்கூடாது என்று எல்லா வயரையும் கறுப்பாகவே போட்டிருப்பார்கள். ஒன்றையும் வெட்டுவதற்கு முன் ஒவ்வொன்றிலும் எண் ஒட்டி, படம் எடுத்து வையுங்கள். பம்புக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், ஸ்டார்ட்டர் சுற்றுக்கு 4. களிம்பு தெரியாத பளபளப்பான செம்பு வரும் வரை வெட்டிப் பின்வாங்கி, கிரிம்ப் செய்து, பசை உள்ள சுருங்கு குழாய் போட வேண்டும்.

எங்களை உண்மையாகக் கவலைப்படுத்துவது வேறொன்று. சில பெட்டிகளில் கடத்தல் தடுப்பு வசதி உண்டு: ஓடும் வண்டியில் கதவு திறந்து மூடினால், டச்-கீயைத் தொடாவிட்டால் கொஞ்ச நேரத்தில் எஞ்சினை அணைத்துவிடும். கதவுச் சுவிட்சில் துரு ஏறினால், மூடிய கதவையே திறந்ததாக அந்தப் பெட்டி நினைக்கும். என்3 நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே 120-இல் போகும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உள்விளக்கு மேடுபள்ளத்தில் மினுக்கினால் அன்றைக்கே கதவுச் சுவிட்சை மாற்றுங்கள். சின்ன விலைதான்.

ஆலையிலேயே வைத்த இம்மொபிலைசர்களைப் பற்றிச் சுருக்கமாக. சாவிக்குள் டிரான்ஸ்பாண்டர் (ரேடியோ அலையில் தன் அடையாள எண்ணைச் சொல்லும் சில்லு), பூட்டைச் சுற்றி வளைய ஆண்டெனா என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. டிரான்ஸ்பாண்டருக்குப் பேட்டரி தேவையில்லை, ஆகவே ரிமோட் செத்தாலும் வண்டி பிடிக்க வேண்டும். பிடிக்காத விதமே குறையைச் சொல்லிவிடும். பிந்திய இ36, இசட்3-இல் சாவி தெரியாவிட்டால் ஸ்டார்ட்டரே சுற்றாது. சுற்றியும் பிடிக்காவிட்டால் இம்மொபிலைசர் பெட்டிக்கும் எஞ்சின் கணினிக்கும் ஒத்துப்போகவில்லையா என்று பாருங்கள். ஃபோக்ஸ்வேகன் குடும்பத்தில் எஞ்சின் பிடித்து ஓரிரு நொடியில் அணையும். முதல் தலைமுறை ஆடி டிடியில் இம்மொபிலைசர் மீட்டர் பெட்டிக்குள் இருக்கிறது. அந்த மீட்டர் கெடுவது பெயர்போன கதை. பழைய மீட்டரை வாங்கிச் செருகினால் வண்டி பிடிக்காது. உங்கள் அசல் மீட்டரையே பழுது பார்க்கக் கொடுங்கள்.

போர்ஷே பாக்ஸ்டர் 986-க்கு மட்டும் மதிப்பெண் குறைக்கிறோம். அலாரமும் இம்மொபிலைசரும் சேர்ந்த பெட்டியை இருக்கைக்கு அடியில், தரையின் தாழ்ந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள். துணிக்கூரையின் வடிகால் துளைகளில் இலை அடைத்தால் மழைநீர் உள்ளே வந்து நேராக அங்கேதான் தேங்கும். டர்பன் கோடைமழைக்கு இது சொல்லிவைத்த மாதிரி. கார்பெட் ஈரமாக இருந்தால் சாவியைத் திருப்பவே வேண்டாம். முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். கரண்ட் ஓடும் ஈரப் பலகைதான் வேகமாக அரிக்கும். பெட்டியை எடுத்து, 99 சத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் மென்மையான பல் துலக்கியும் கொண்டு கழுவி, ஒரு நாள் முழுக்க உலர விடுங்கள். அப்படியும் உயிர் வராவிட்டால், வேறொரு பெட்டிக்கு உங்கள் பலகையின் நினைவகச் சில்லை மாற்றிப் பொருத்தும் ஆட்களைத் தேடுங்கள். அப்போது சாவித் தகவலும் அந்தப் பெட்டிக்குக் கூடவே வந்துவிடும். வடிகாலைப் புல்வெட்டி நைலான் நரம்பால் குத்தி எடுக்கலாம். காற்றழுத்தம் வைத்தால் உள்ளே குழாய் கழன்றுவிடும்.

வாரக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டிக்கு இன்னொரு கணக்கு. பெட்டி 20 மில்லி ஆம்பியர் இழுத்தால் நாளுக்கு 0.48 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி பேட்டரி ஏழு வாரத்துக்குள் பாதியாகிவிடும். கடிகாரம், ரேடியோ சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். சார்ஜர் மாட்டுகிறவர்கள், மின்வெட்டு முடிந்ததும் தானாக மறுபடி தொடங்கும் ரகமா என்று பார்த்து வாங்குங்கள்.

பெட்டி எரிந்தே போயிருந்தால், அல்லது யாரோ ஏற்கெனவே ரிலேக்குக் குறுக்கே வயர் போட்டிருந்தால், புதிதாக ஒன்று வைப்பதே சரி. கேன் தரவுத்தடம் (வண்டியின் கணினிகள் ஒன்றோடொன்று பேசும் பொது வயர்) வழியாக வேலை செய்யும் புது வகைகள் இ30 மாதிரி வண்டிக்கு ஆகாது. அதில் அந்தத் தடமே கிடையாது. டிரான்ஸ்பாண்டர் சாவியும், கழற்றி மாற்றக்கூடிய தனி ரிலேக்களும் உள்ளதாகப் பாருங்கள். டர்பனிலேயே பிஎஃப்கே எலெக்ட்ரானிக்ஸ் ஆட்டோவாட்ச் என்ற பெயரில் இம்மொபிலைசர்கள் செய்கிறது என்பது பலருக்குத் தெரியாது. குறுக்கே வயர் போட்டு ஓட்டுவது குறை கண்டுபிடிக்கும் பத்து நிமிடத்துக்கு மட்டும். பாலிசியில் இம்மொபிலைசர் நிபந்தனை இருந்து, வண்டி திருடு போனால், அந்தத் துண்டு வயரே உங்கள் கோரிக்கையை மறுக்கப் போதும்.

வேலையை ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்தால் கழற்றிய ரிலேக்களைத் திரும்பக் கேளுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் வேலைக்கு முன்னும் பின்னும் அளந்த வோல்ட் வீழ்ச்சியை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். பெட்டியின் நினைவில் எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்; உங்கள் கையில் இருப்பதைவிட ஒன்று கூடுதலாக இருந்தால், எல்லாவற்றையும் அழித்து மறுபடி பதியச் சொல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள்.