அம்மாபேட்டை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு: என் மகளுக்கு எப்படி இருந்தது

என் மகள் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளிதான், தமிழ் வழி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு புண்ணியத்தில் இன்ஜினியரிங் சேர்ந்தாள். கணக்கில் கெட்டிக்காரி. ஆனால் கல்லூரியில் பாடம் எல்லாம் ஆங்கிலம். சந்தேகம் வந்தாலும் கேட்க வாய் வராது.

முதலில் சேர்த்துவிட்ட வகுப்பில் தமிழில் பேசினால் அபராதம். பிள்ளை பேசுவதையே விட்டுவிட்டாள். அப்புறம்தான் சேலம் அம்மாபேட்டையில் ஒரு டீச்சர் வீட்டு மாடியில் நடத்தும் இந்த மாலை வகுப்புக்கு மாற்றினோம்.

இங்கே தப்பு ஏன் வருகிறது என்று சொல்லித் தருகிறார்கள். ஒருநாள் கூட்டிவரப் போயிருந்தேன். ஒரு பையன் ‘மை ஃபாதர் வீவர்’ என்றான். யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் ‘என் அப்பா நெசவாளி’ என்று போர்டில் எழுதி, “இதுல வினைச்சொல் எங்க, காட்டு” என்றார். அவன் தேடித் தேடிப் பார்த்தான், இல்லை. “தமிழுக்கு இதுவே போதும். இங்கிலீஷுக்கு நடுவுல ‘இஸ்’ வேணும், வீவருக்கு முன்னாடி ‘எ’ வேணும்” என்றார். பையன் முகம் தெளிந்துவிட்டது.

உச்சரிப்புக்கும் ஒரு வழி வைத்திருக்கிறார். பன்றிக்கும் பெரியதுக்கும் உள்ள இங்கிலீஷ் வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டுமே ‘பிக்’தான். உதட்டுக்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடித்துச் சொல்லச் சொல்கிறார். பன்றி என்றால் காகிதம் நன்றாக ஆட வேண்டும், பெரியது என்றால் அதிகம் ஆடக் கூடாது. வீட்டில் நானும் செய்து பார்த்தேன், சரியாக வருகிறது.

‘சாப்பிடலையா?’ என்றால் நாம் ‘ஆமா, சாப்பிடல’ என்போம், இங்கிலீஷில் ‘நோ’ சொல்ல வேண்டும். இன், ஆன், அட் மூன்றுக்கும் நமக்கு ஒரே ‘இல்’. இதற்கெல்லாம் பயிற்சி உண்டு.

குறைகளும் உண்டு. இடம் நெருக்கடி. எழுத்துப் பயிற்சி கிடையாது. லேப் ரெக்கார்டும் பரீட்சையும் எழுதும் பிள்ளைகளுக்கு அது கட்டாயம் வேண்டும். வகுப்பு முடிய எட்டு மணியாகிவிடுகிறது, அயோத்தியாப்பட்டணம் பக்கம் போகும் பெண்பிள்ளைகளுக்குச் சிரமம். அரை மணி முன்னதாக ஆரம்பிக்கலாம்.

போன வாரம் லேபில் ‘சார், ஒய் திஸ் வேல்யூ கம்ஸ் நெகட்டிவ்?’ என்று கேட்டிருக்கிறாள். ‘டஸ்’ விட்டுப்போயிருக்கிறது. சார் பக்கத்தில் வந்து ஒயரை மாற்றிக் காட்டி விளக்கினாராம். தமிழ் வழிப் பிள்ளைகளைத் தயங்காமல் இங்கே அனுப்பலாம். இலக்கணம் முன்பே நன்றாகத் தெரிந்தவர்களுக்கு இது மெதுவாக இருக்கும்.